கம்பத்தைச் சுற்றும் சைக்கிள்: கேமில் பிளேயரை வட்டமாக ஓட வைப்பது எப்படி?

சின்ன வயதில் எங்கள் வியாசர்பாடியில் மைதானத்துக்கு நடுவே ஒரு கம்பம் நட்டு, டியூப்லைட் கட்டி, ஒருவர் நாள்கணக்கில் காலைத் தரையில் ஊன்றாமல் அதைச் சுற்றிச் சுற்றி சைக்கிள் ஓட்டுவார். குளிப்பது, சாப்பிடுவது எல்லாம் சைக்கிள் மேலேயேதான். அதைத்தான் இப்போது கேமாகச் செய்துகொண்டிருக்கிறேன். வட்டமாகச் சுற்ற வைக்க மட்டும் எனக்கு நாலு ராத்திரி ஆனது, இதைப் படித்தால் உங்களுக்கு அரை மணி நேரம் போதும்.

நான் பயன்படுத்துவது கோடோ 4 (Godot) என்கிற கேம் செய்யும் மென்பொருள். இலவசம், இன்ஸ்டால்கூட செய்ய வேண்டாம், என்னுடைய 4 ஜிபி ரேம் பழைய லேப்டாப்பிலேயே 2டி கேம் நன்றாக ஓடுகிறது, அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். கம்பத்துக்கு ஒரு ஸ்ப்ரைட் (திரையில் தெரியும் படம்), சைக்கிளுக்கு ஒரு ஸ்ப்ரைட் வைத்து, சைக்கிளுக்கு ஸ்க்ரிப்ட் மாட்டிவிடுங்கள். அதில் நாலு மாறிகள் வேண்டும்: மையம் (கம்பம் இருக்கும் இடம்), ஆரம் 200 பிக்சல், வேகம் விநாடிக்கு 400 பிக்சல், கோணம் 0.

இனிமேல்தான் கவனம். சைக்கிள் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் ஒவ்வொரு ஃப்ரேமிலும் (திரையில் படம் ஒவ்வொரு முறை புதிதாக வரும்போதும்) கொஞ்சம் தள்ளி, பிறகு கம்பத்தை வைத்துத் திசையைத் திருப்பினால் வட்டம் வந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். வராது. விநாடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமில் சைக்கிள் 6.67 பிக்சல் நேர்கோட்டில் போகிறது, அந்தக் கோடு ஆரத்துக்குச் செங்குத்து. பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸைப் போட்டுப் பாருங்கள், கம்பத்திலிருந்து தூரம் 200 இல்லை, 200.11. ஒரு ஃப்ரேமுக்கு இது ஒன்றுமே இல்லை, ஆனால் 10 விநாடி ஓடினால் 258 ஆகி, சைக்கிள் மைதானத்தை விட்டே வெளியே போகிறது. நான் நாலு ராத்திரியும் வேகத்தைக் குறைத்துக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் மொட்டை மாடியில் ஒரு ஆணி அடித்து, சணல் கட்டி, நுனியில் சாக்பீஸ் வைத்து வட்டம் போட்டபோதுதான் புரிந்தது: சாக்பீஸ் எங்கேயும் ஓடிப்போகாமல் பிடித்துவைத்திருப்பது கயிறு, மாறுவது கோணம் மட்டும். அதனால் இடத்தைத் தள்ளாதீர்கள், கோணத்தை மட்டும் கூட்டி, இடத்தை ஒவ்வொரு ஃப்ரேமிலும் புதிதாகக் கணக்கிடுங்கள் (டெல்டா என்பது போன ஃப்ரேமிலிருந்து ஆன நேரம், விநாடியில்):

கோணம் = கோணம் + (வேகம் ÷ ஆரம்) × டெல்டா
இடம் = மையம் + (காஸ் கோணம், சைன் கோணம்) × ஆரம்

டெல்டாவை விட்டுவிடாதீர்கள், விட்டால் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் சைக்கிள் 60 ஹெர்ட்ஸில் ஓடுவதைவிட 2.4 மடங்கு வேகமாக ஓடும். கோணம் ரேடியனில் இருக்க வேண்டும், ஒரு முழுச் சுற்று 6.283, 360 இல்லை.

கோடோவில் ஒய் அச்சு கீழ்நோக்கிப் போகும் என்பதால் கோணம் கூடினால் கோயிலில் வலம் வருகிற திசை, குறைந்தால் அதற்கு எதிர்த்திசை. சைக்கிள் படம் வலது பக்கம் பார்த்து வரைந்திருந்தால் வலம் வரும்போது அதன் சுழற்சி, கோணத்தோடு 1.57 கூட்டியது. எதிர்த்திசையில் சுற்றினால் 1.57 கழிக்க வேண்டும்.

பின்சேர்ப்பு: ஆரத்தை 400 ஆக்கியதும் சைக்கிள் பறக்கிறது என்று ராயபுரத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். அவர் வேகத்தை ஆரத்தால் வகுக்காமல், (வேகம் ÷ ஆரம்) என்ற இடத்தில் நேரடியாக 2 என்று போட்டிருந்தார். ஆரம் 200 ஆக இருக்கும்போது அது சரி, இரட்டிப்பானால் அதே நேரத்தில் இரண்டு மடங்கு தூரம் ஓட வேண்டியிருக்கும். மேலே உள்ள வரியில் அந்த வகுத்தல் இருப்பது அதற்காகத்தான்.

இன்னொருவர், வழியில் வைத்த தண்ணீர்க் குடத்தை சைக்கிள் ஊடுருவிப் போகிறது என்றார். இடத்தை நேரடியாக மாற்றினால் மோதலை கோடோ பார்க்காது. சைக்கிளை கேரக்டர்பாடி 2டி (மோதலைக் கவனித்து நகரும் கோடோ பொருள்) ஆக்கி, ஸ்க்ரிப்டை இயற்பியல் ஃப்ரேமில் ஓடவிட்டு, புது இடத்திலிருந்து இப்போதைய இடத்தைக் கழித்து டெல்டாவால் வகுத்து, அதைத் திசைவேகமாகக் கொடுத்து மூவ் அண்ட் ஸ்லைடு என்கிற நகர்த்தும் கட்டளையைக் கூப்பிடுங்கள். முட்டி நின்றால் கோணத்தையும் அந்த ஃப்ரேமில் கூட்டாமல் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் குடத்தை எடுத்ததும் சைக்கிள் ஒரே தாவலில் எதிர்ப்பக்கம் போய் நிற்கும்.