‘டிஸ்கஸ்’ பக்கத்தில் ‘அபௌட்’ எதற்கு?

“லெட் அஸ் டிஸ்கஸ் அபௌட் இட் டுமாரோ.” அலுவலக மின்னஞ்சல்களில் அடிக்கடி கண்ணில் படுகிற வாக்கியம் இது. நன்றாக ஆங்கிலம் எழுதுகிறவர்கள்கூட இந்த இடத்தில் சறுக்குகிறார்கள். இதில் ‘அபௌட்’ வரவே கூடாது. “லெட் அஸ் டிஸ்கஸ் இட் டுமாரோ”, அவ்வளவுதான்.

ஏன் சறுக்குகிறோம் என்றால், மனசுக்குள் ‘அதைப் பற்றிப் பேசுவோம்’ என்று ஓடுகிறது, அந்தப் ‘பற்றி’தான் ‘அபௌட்’ ஆகி வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘டாக்’ என்ற வினைக்கு அது சரி, “டாக் அபௌட் இட்” என்றே சொல்லலாம். ஆனால் ‘டிஸ்கஸ்’ அப்படியில்லை, செயப்படுபொருளை நேராகவே எடுத்துக்கொள்ளும்.

இதை நினைவில் வைக்க அந்தச் சொல்லின் வேரைப் பார்த்தாலே போதும். லத்தீனில் ‘டிஸ்’ என்றால் பிரித்து, ‘க்வாதெரெ’ என்றால் குலுக்குவது, உதறுவது. இரண்டும் சேர்ந்து ‘டிஸ்குதெரெ’, அதாவது உதறிப் பிரிப்பது. தலையில் அடிபட்டு மூளை குலுங்குவதை ‘கன்கஷன்’ என்கிறோமே, தட்டி வாசிக்கும் கருவிகளை ‘பெர்கஷன்’ என்கிறோமே, அவையும் இதே வேரில் பிறந்தவைதான். உதறிப் பிரித்தால் உள்ளே இருப்பது தெரியும் இல்லையா, அதனால் 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது இதற்கு ‘ஆராய்வது’ என்ற பொருள் இருந்தது, பேசி ஆராய்வது என்பது அப்புறம் வந்தது.

நம்மிடமும் இப்படி ஒரு சொல் இருக்கிறது: அலசு. துணியைத் தண்ணீரில் ஆட்டி அலசுகிறோம், ஒரு விஷயத்தையும் அலசுகிறோம். ‘விஷயத்தை அலசினோம்’ என்றுதான் சொல்வோம், ‘விஷயத்தைப் பற்றி அலசினோம்’ என்றால் காதில் இடிக்கும். ‘டிஸ்கஸ்’ எழுதும்போது ‘பேசு’ என்று நினைக்காமல் ‘அலசு’ என்று நினைத்துப் பாருங்கள், ‘அபௌட்’ தானாகவே உதிர்ந்துவிடும்.

ஆனால் பெயர்ச்சொல்லான ‘டிஸ்கஷன்’ வந்தால் கணக்கு மாறும். “எ டிஸ்கஷன் அபௌட் தி பட்ஜெட்” முழுக்கச் சரி. இங்கே பயந்துபோய் ‘அபௌட்’டை வெட்டிவிடாதீர்கள்.

அதிகம் பேர் கவனிக்காத இன்னொரு தவறு, “ஐ வில் டிஸ்கஸ் வித் ஹிம்.” தமிழில் ‘அவரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்’ என்றால் எதைப் பேசுவது என்பது சொல்லாமலே புரியும். ஆங்கிலத்தில் எதை என்பதையும் சொல்லியாக வேண்டும்: “ஐ வில் டிஸ்கஸ் இட் வித் ஹிம்.” அந்தச் சின்ன ‘இட்’ விட்டுப்போனால் வாக்கியம் நொண்டும்.

எழுத்தும் முக்கியம். கடைசியில் இரண்டு ‘எஸ்’ வர வேண்டும், ஒன்றோடு நிறுத்தினால் அது விளையாட்டில் வீசுகிற வட்டு, கிரேக்கத்திலிருந்து வந்த வேறு சொல்.