‘சும்மாதான் கூப்பிட்டேன்’ என்று சொல்லும் முன்

கல்யாண வீட்டில் மொய் எழுதும் மேசைப் பக்கம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். அடையாளம் தெரியட்டும் என்று ஒருவர் பெயருக்கு முன்னால் ‘நொண்டி’ என்று நோட்டில் எழுதுவார்கள். அப்புறம் அதை அப்படியே மைக்கில் வாசிப்பார்கள். பந்தியில் உட்கார்ந்திருக்கும் அவர் மகளுக்கும் அது கேட்கும்.

எழுதியவருக்கு அவர் மேல் ஒரு கோபமும் கிடையாது. ‘கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லையே’ என்பார். நாம் எல்லோரும் செய்யும் பெரிய தவறு இதுதான். அதே சொல்லை அந்த மனிதர் பள்ளிக்கூடத்தில் கேட்டிருப்பார், பஸ் ஏறத் தாமதமானபோது கேட்டிருப்பார், பெண் பார்க்கப் போன வீட்டில் முதுகுக்குப் பின்னால் கேட்டிருப்பார். நீங்கள் சாதாரணமாகச் சொன்னாலும் அத்தனையும் சேர்ந்துதான் அவருக்கு வலிக்கும். அடையாளம் வேண்டுமென்றால் அப்பா பெயரையோ தெருப் பெயரையோ சேர்த்து எழுதலாமே.

சொல்லை மாற்றிவிட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல் அரசு ஆணைகளிலும் பேச்சிலும் நிலைத்தது நல்ல விஷயம். ஆனால் கேட்ச் விட்டவனை அதே சொல்லால் கேலி செய்தால் அதுவும் வசைதான். கண் நன்றாகத் தெரிகிறவரைக் ‘குருடா’ என்று திட்டும்போதும் அப்படித்தான். திட்டு வாங்கியவர் ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுவார். பார்வையில்லாமல் பக்கத்தில் நிற்பவரோ, தன் நிலைமையே ஒரு வசை என்று தெரிந்துகொள்கிறார்.

‘அவர்களே தங்களைக் கிண்டல் செய்துகொள்கிறார்களே’ என்றும் கேட்கிறார்கள். ஒரு திரைப்படம் தொடர்பான வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே பிரித்துச் சொன்னது. உடல் குறைபாட்டைப் பற்றிய தவறான எண்ணங்களை உடைக்கும் நகைச்சுவை வேறு, குறைபாடு உள்ளவரை மட்டம்தட்டும் நகைச்சுவை வேறு. ‘கிரிப்பிள்’ (முடவர்), ‘ஸ்பாஸ்டிக்’ (தசை இறுக்கம் உள்ளவர்) போன்ற ஆங்கிலச் சொற்கள் மதிப்பிழந்த பொருளில் புழங்குவதையும் அதே தீர்ப்பு சுட்டிக்காட்டியது.

இப்படி அவமதிப்பவரைத் தண்டிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 92ஆவது பிரிவின்படி, இழிவுபடுத்தும் நோக்கத்தோடு ஒரு மாற்றுத்திறனாளியைப் பிறர் பார்வையில் படும் இடத்தில் அவமதித்தால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

புகார் கொடுக்கப் போகிறவர்களும் கூச்சப்பட்டு ‘தகாத வார்த்தையில் பேசினார்’ என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். எங்கே, எப்போது, யார் முன்னால் பேசினார், எந்தச் சொல் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுதக் கை கூசினாலும் அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள்.