மருத்துவக் கருவி வடிவமைப்பு: கல்லூரி புராஜெக்டைச் சரியாகச் செய்வது எப்படி?

மருத்துவக் கருவி வடிவமைப்பு படிப்பவர்களுக்கு உடற்கூறியல், எலெக்ட்ரானிக்ஸ், பொருளறிவியல் எல்லாம் பாடமாக வரும். ஆனால் தொழில் கைக்கு வருவது புராஜெக்டில்தான். அங்கே அணிகள் சறுக்குவது பெரும்பாலும் முதல் மாதத்தில்: யாருக்கு என்ன தேவை என்று எழுதி முடிக்கும் முன்பே தீர்வை முடிவு செய்துவிடுகிறார்கள்.

செமஸ்டரின் முதல் வாரத்திலேயே மருத்துவமனையின் அனுமதிக்கும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கும் விண்ணப்பியுங்கள். இரண்டுக்கும் வாரக்கணக்கில் ஆகலாம். வார்டில் குறைந்தது இரண்டு ஷிப்ட் நின்று பாருங்கள், அதில் ஒன்று இரவு ஷிப்டாக இருக்கட்டும். யார் எதற்காகக் காத்திருக்கிறார், எந்தக் கை ஓய்வாக இருக்கிறது, எதைப் பிளாஸ்திரி ஒட்டிச் சமாளிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்படிச் சமாளிக்கும் இடங்களில்தான் நல்ல புராஜெக்டுகள் கிடைக்கும். நோயாளியின் பெயர், படம் எதுவும் குறிப்பில் வேண்டாம்.

பார்த்ததை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். "டிரிப்ஸ் தீர்ந்தால் ஒலிக்கும் அலாரம் வேண்டும்" என்பது தேவை ஆகாது, தீர்வு அதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. "ஒரு செவிலியர் பல படுக்கைகளைப் பார்க்கும் இரவு வார்டில், டிரிப்ஸ் தீர்ந்தபின் ஊசிக்குழாயில் ரத்தம் உறைந்து அடைபடுவதைக் குறைக்க ஒரு வழி வேண்டும்" என்று எழுதினால் இடம், ஆள், பிரச்சினை, அளக்கவேண்டிய பலன் நான்கும் வந்துவிடுகின்றன. ஏற்கெனவே அலாரங்கள் ஓயாமல் ஒலிக்கும் வார்டில் இன்னொரு ஒலி எடுபடாது என்பதும் அப்போதுதான் கண்ணில் படும்.

அடுத்து, தேவையை எண்களாக மாற்றவேண்டும். "சீக்கிரம் தெரிவிக்க வேண்டும்" என்பதைச் சோதிக்க முடியாது. "50 மி.லி. மீதமிருக்கும்போது தெரிவிக்க வேண்டும், பிழை 10 மி.லி.க்குள்" என்பதைச் சோதிக்கலாம். 50 எங்கிருந்து வந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்: மணிக்கு 125 மி.லி. வேகத்தில் 50 மி.லி. தீர 24 நிமிடம் ஆகும். செவிலியர் ஒரு சுற்று முடித்து வர அது போதுமா என்பதை உங்கள் வார்டுக் குறிப்பு சொல்லும். காரணம் எழுதாத எண்ணை மதிப்பீட்டுக் குழு முதல் கேள்வியிலேயே பிடித்துவிடும்.

தீர்வுகளை இப்போது ஒப்பிடுங்கள். புட்டியை லோட் செல்லில் (எடையை மின் சிக்னலாக மாற்றும் உணரி) தொங்கவிட்டு எடை பார்க்கலாம். ஆனால் கண்ணாடிப் புட்டிக்கும் பிளாஸ்டிக் பைக்கும் காலி எடை வேறு, நோயாளி கையை அசைத்தால் ஸ்டாண்ட் ஆடும், தொடர்ந்து எடை தாங்கும் லோட் செல்லின் அளவீடு மெல்ல நகரும். சொட்டுகளை எண்ணலாம், ஆனால் 20 சொட்டு ஒரு மி.லி. என்பது பெயரளவுக் கணக்குதான், திரவமும் வேகமும் மாறினால் சொட்டின் அளவும் மாறும்.

அபாயப் பகுப்பாய்வைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். மருத்துவக் கருவிகளின் அபாய மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 14971 தரநிலை ஒரு முன்னுரிமை வரிசையைத் தருகிறது: முதலில் வடிவமைப்பிலேயே ஆபத்தை நீக்கு, முடியாவிட்டால் பாதுகாப்பு அமைப்பு வை, கடைசியாகத்தான் எச்சரிக்கை வாசகமும் பயிற்சியும். மாணவர் அறிக்கைகளில் இது தலைகீழாக இருக்கும், எல்லாவற்றுக்கும் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். 1985 முதல் 1987 வரை தெராக்-25 கதிர்வீச்சுக் கருவியில் ஆறு நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். முந்தைய மாடலில் இருந்த வன்பொருள் தடுப்புகளைக் கைவிட்டு மென்பொருளை மட்டும் நம்பியது அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. இந்த வழக்கைக் கட்டாயம் படியுங்கள்.

முன்மாதிரிக்கு 3டி பிரிண்டரில் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் இழை போதும், ஆனால் அது 60 டிகிரி செல்சியஸ் அருகிலேயே இளகிவிடும். நீராவியால் கிருமி நீக்கும் 121 டிகிரி ஆட்டோகிளேவில் வைக்கவே முடியாது. அக்ரிலிக் பெட்டியை ஆல்கஹாலால் துடைக்கத் துடைக்க, வெட்டிய ஓரங்களில் மயிரிழை விரிசல் விடும். எப்படிச் சுத்தம் செய்வார்கள் என்று கேட்ட பிறகே பொருளைத் தேர்ந்தெடுங்கள்.

சோதனை இரண்டு வகை. எழுதிய எண்ணைக் கருவி எட்டுகிறதா என்பது சரிபார்ப்பு. பயன்படுத்துபவரின் தேவை தீர்கிறதா என்பது செல்லுபடியாக்கம். சரிபார்ப்பில், 95 சதவீத நம்பிக்கையோடு 95 சதவீத நம்பகத்தன்மை (நூற்றுக்குக் குறைந்தது 95 கருவிகள் தேறும் என்பதில் 95 சதவீத உறுதி) என்று சொல்ல, 59 மாதிரிகளைச் சோதித்து ஒன்றுகூடத் தவறாமல் இருக்கவேண்டும். உங்களிடம் மூன்றே முன்மாதிரி இருந்தால் அதை அப்படியே எழுதுங்கள். ஒரே கருவியை 59 முறை அளப்பதும் 59 கருவிகளை அளப்பதும் ஒன்றல்ல: கருவிக்குக் கருவி இருக்கும் வேறுபாடு முதலாவதில் தெரியாது.

பயனர் சோதனைக்கு ஆரம்பக் கட்டத்தில் ஐந்து முதல் எட்டு செவிலியர்கள் போதும். கையுறையோடு, மங்கிய வெளிச்சத்தில், வேலைக்கு நடுவே கருவியைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். நீங்கள் விளக்கத் தொடங்கினால் சோதனை கெட்டுவிடும். எங்கே தயங்கினார், எந்தப் பொத்தானை இரண்டு முறை அழுத்தினார் என்பதுதான் தரவு. சக மாணவர்களை வைத்துச் செய்த சோதனை இதற்கு ஈடாகாது.

தேவை, எண், அபாயம், சோதனை முடிவு நான்கையும் ஒரே அட்டவணையில் வரிசைக்கு வரிசை இணைத்து, வாரம் ஒருமுறை திருத்துங்கள். கடைசியில் உட்கார்ந்து நிரப்பினால் சோதிக்காத வரிசைகள் அப்போதுதான் தெரியும், நேரம் இருக்காது. காப்புரிமை எண்ணம் இருந்தால் கண்காட்சியிலோ போஸ்டரிலோ காட்டும் முன்பே விண்ணப்பியுங்கள். பல நாடுகளில், விண்ணப்பிக்கும் முன் பொதுவெளியில் காட்டியது புதுமையாகக் கருதப்படாது.