பத்தாயிரம் ஹெர்ட்ஸுக்கு மெஷ் போடும் முன்

பெங்களூரில் மின்வாகன வேலைக்குச் சேரும் நம் இளம் பொறியாளர்கள் பலர் முதலில் சிக்கிக்கொள்வது ஒரே இடத்தில்தான். எஞ்சின் சத்தம் இல்லாததால் மோட்டாரின் கீச்சொலி பளிச்சென்று கேட்கிறது. அதைக் கணினியில் கணிக்க ஃபைனைட் எலிமென்ட் மெஷ்ஷை, அதாவது பாடியைச் சின்னச் சின்ன துண்டுகளாக (எலிமென்ட்) பிரித்த வலையை, பொடியாக்கிக்கொண்டே போகிறார்கள்.

1 மி.மீ. ஸ்டீல் தகட்டில் 10,000 ஹெர்ட்ஸ் வளைவலையின் (தகடு வளைந்து நெளியும் அலை) நீளம் சுமார் 3 செ.மீ. அலைக்கு ஆறு எலிமென்ட் என்றால் மெஷ் 5 மி.மீ. ஓடவிடலாம்தான், ஆனால் வரும் விடை எந்த வண்டிக்கு? ஆய்வாளர்கள் கோம்பெல்லாவும் பெர்ன்ஹார்டும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாடல் வண்டிகளே ஒலி அளவீட்டில் ஒன்றுக்கொன்று பல டெசிபல் வேறுபட்டன. வெல்டிங் புள்ளி கொஞ்சம் நகர்ந்தாலே மோடுகள், அதாவது பாடி இயல்பாக அதிரும் வடிவங்களும் அவற்றின் அதிர்வெண்களும், இடம் மாறிவிடும். அதனால்தான் 1960-களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் லயனும் பிரெஸ்டன் ஸ்மித்தும் உருவாக்கிய ஸ்டாட்டிஸ்டிகல் எனர்ஜி அனாலிசிஸ், மோடு மோடாகத் தேடாமல் பகுதிகளுக்கிடையே பாயும் ஆற்றலின் சராசரியைக் கணக்கிடுகிறது.

அதையும் எல்லா இடத்திலும் போடக் கூடாது. அதே 1 மி.மீ. ஸ்டீலில் ஒரு சதுர மீட்டர் தகட்டை எடுத்தால், 1,000 ஹெர்ட்ஸைச் சுற்றிய மூன்றிலொரு ஆக்டேவ் பட்டையில் (ஒரு குறுகிய அதிர்வெண் வரம்பு) எழுபதுக்கு மேல் மோடுகள் உண்டு. அதே தடிமனில் உள்ளங்கை அளவு பிராக்கெட்டில் ஒன்றுகூடத் தேறாது. அங்கே சராசரிக்குப் பொருளே இல்லை.

என்னைக் கேட்டால், அதிகம் கெடுப்பது, அதிர்வு எவ்வளவு வேகமாக அடங்கும் என்று சொல்லும் தணிப்பு எண்தான் (லாஸ் ஃபேக்டர்). வெறும் ஸ்டீலின் லாஸ் ஃபேக்டர் 0.001-க்கும் கீழே. போல்ட், சீலன்ட், உள்அலங்காரம் எல்லாம் சேர்ந்த பாடியில் அது 0.01-ஐத் தொடும், தாண்டவும் செய்யும். கையேட்டு எண்ணை அப்படியே போட்டால் 10 டெசிபல் போச்சு. நூலில் தொங்கவிட்ட தகட்டில் அளந்ததும் உதவாது. பூட்டி முடித்த வண்டியில் சுத்தியலால் தட்டி, அதிர்வு 60 டெசிபல் இறங்கும் நேரத்தை எடுங்கள். 2.2-ஐ அதிர்வெண்ணாலும் அந்த நேரத்தாலும் வகுத்தால் எண் கையில். 1,000 ஹெர்ட்ஸில் 0.22 விநாடி என்றால் 0.01.

ஓட்டைகளையும் மாடலில் சேருங்கள். 40 டெசிபல் தடுக்கும் சுவரில் பரப்பின் 1% திறந்திருந்தால் மிஞ்சுவது 20 டெசிபல்தான். வயர் நுழையும் ஓட்டையை மூடும் ரப்பர் வளையம் (கிராமெட்) சரியாக உட்காராவிட்டால், அதன் மேல் ஒட்டிய விலையுயர்ந்த ஃபோம் வீண்.

கடைசியில் ஒப்பிடும்போது ஓட்டுநர் காதருகே ஒரே மைக்கை வைத்து 'மாடல் தப்பு' என்று சொல்லிவிடாதீர்கள். கணித்தது சராசரி, அளப்பதும் சராசரியாக இருக்கட்டும். பல இடங்களில் எடுத்த டெசிபல்களை அப்படியே கூட்டி வகுக்காமல், ஒலி அழுத்தத்தின் வர்க்கத்துக்கு மாற்றிச் சராசரி பாருங்கள். 60-க்கும் 80-க்கும் சராசரி 70 அல்ல, 77.