சிக்கிள் செல் ரிப்போர்ட்டைப் படித்து, குடும்பத்தில் யாருக்கு வரும் என்று கணக்குப் போடுவது எப்படி?

சிக்கிள் செல் என்பது அரிவாள் செல் நோய்: ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோய். இந்தியாவில் இதன் மரபணு முதலில் பதிவானது நீலகிரிப் பழங்குடி மக்களிடம், 1952-இல். இன்றும் கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் சோதனை முகாமில் ரத்தம் கொடுத்த பலர் 'பாசிட்டிவ்' என்ற சீட்டோடு வீடு திரும்புகிறார்கள். அந்தச் சீட்டை வைத்துக் கல்யாணத்தை நிறுத்தவும் வேண்டாம், நிச்சயிக்கவும் வேண்டாம்.

முகாமில் பெரும்பாலும் செய்வது சொலுபிலிட்டி டெஸ்ட். விரல் நுனி ரத்தத்தைக் கரைசலில் விட்டு, குழாய்க்குப் பின்னால் கோடு போட்ட அட்டையைப் பிடிப்பார்கள்; கலங்கிக் கோடு மறைந்தால் பாசிட்டிவ். கோளாறான மரபணு இருக்கிறது என்பதோடு இதன் வேலை முடிந்தது. அது ஒரு பக்கத்திலிருந்து வந்ததா, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வந்ததா என்று காட்டாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கும், ரத்தசோகை கடுமையாக உள்ளவருக்கும் தவறாக நெகட்டிவ் வரலாம்.

அதனால் ஹெச்பிஎல்சி, அதாவது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் சோதனை, கேட்டு வாங்குங்கள். ரத்தம் ஏற்றியிருந்தால் மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். இல்லையென்றால் கொடுத்தவரின் ரத்தமும் கலந்தே அளவு வரும்.

ரிப்போர்ட்டில் ஹெச்பி ஏ (இயல்பான ஹீமோகுளோபின்) கூடுதலாகவும் ஹெச்பி எஸ் (அரிவாள் செல் ஹீமோகுளோபின்) 30–40 சதவீதமாகவும் இருந்தால் அவர் கேரியர், அதாவது ஒரு பக்கத்திலிருந்து மட்டும் மரபணுவைப் பெற்றவர், நோயாளி அல்ல. எஸ் மிகுந்து ஏ இல்லவே இல்லை என்றால் நோய். எஸ்ஸைவிட ஏ குறைவாக இருந்தால் தலசீமியா என்ற இன்னொரு பரம்பரை ரத்த நோயின் மரபணுவும் சேர்ந்திருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

கேரியரின் துணைக்கும் ஹெச்பிஎல்சி கட்டாயம். அதில் எஸ் இல்லை என்றதும் நிம்மதியாகிவிடுகிறார்கள், ஏ2 என்ற இன்னொரு ஹீமோகுளோபின் அளவையும் பாருங்கள். அது 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பீட்டா வகைத் தலசீமியா கேரியராக இருக்க வாய்ப்பு அதிகம். பெற்றோரில் ஒருவரிடமிருந்து எஸ்ஸும் மற்றவரிடமிருந்து பீட்டா தலசீமியாவும் வந்து சேர்ந்தாலும் பிள்ளைக்கு நோய் வரும்.

இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய்க்கு 25 சதவீதம், கேரியருக்கு 50, இரண்டும் இல்லாததற்கு 25. மூத்தது நோயோடு பிறந்ததால் அடுத்தது தப்பும் என்று கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது.

சொந்தத்தில் முடிப்பவர்கள் தாளில் வரைந்து பாருங்கள்: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கேரியருக்குப் பாதி நிழல். அம்மா கேரியர் என்றால் அவரைப் பெற்றவர்களில் ஒருவராவது கேரியர். ஆகவே தாய்மாமனும் கேரியராக இருக்கக் குறைந்தது 50 சதவீத வாய்ப்பு, மாமன் மகளுக்கு 25. வெளியில் பெண் எடுத்தாலும் சோதனை தேவைதான்.

ஏற்கெனவே கர்ப்பமாக இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். கருவின் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்கும் சோதனை 11 முதல் 13 வாரத்துக்குள். அதற்கு முன்பே இருவரின் ரிப்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும்.