குளிர் காற்று நுழையும் ஓட்டையில்தான் எலியும் நுழைகிறது

கதவு, சன்னல் பழுது பார்ப்பது என் தொழில். குளிர்காலம் நெருங்கும்போது சிலர் "இடுக்கில் குளிர் அடிக்கிறது" என்று கூப்பிடுவார்கள், சிலர் "வீட்டுக்குள் எலி வந்துவிட்டது" என்று கூப்பிடுவார்கள். இரண்டு வீட்டிலும் நான் செய்யும் வேலை பெரும்பாலும் ஒன்றேதான். மருந்து வாங்க ஓடுவதற்கு முன் ஓட்டையைத் தேடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதை எப்படிச் செய்வது என்று இங்கே எழுதுகிறேன்.

வெளியே குளிர்ந்து உள்ளே சூடாக இருக்கும்போது, சூடான காற்று மேலே எழுந்து கூரையோர இடுக்குகள் வழியாக வெளியேறும். அதற்கு ஈடாகத் தரையோர இடுக்குகள் வழியாக வெளிக்காற்று உள்ளே வரும். காற்று போய்வரும் அந்த இடுக்குகள்தான் எலிக்கும் பூச்சிகளுக்கும் வாசல். எலி சுவரோரமாக உரசிக்கொண்டே ஓடும் பிராணி, மோப்ப சக்தி அதிகம். வெதுவெதுப்பும் சாப்பாட்டு வாசனையும் கசிகிற இடத்தை அது தவறவிடாது. வண்டுகளும் ஈக்களும் வெயில் படும் சுவரில் வந்து ஒட்டிக்கொண்டு, அங்கிருந்து இடுக்குத் தேடி நகரும்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க ஓர் ஊதுபத்தி போதும். காற்று வீசும் நாளாகப் பார்த்து எல்லா சன்னல்களையும் மூடுங்கள். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிடுங்கள். ஃபேன் உள்காற்றை வெளியே தள்ளும்போது, வெளிக்காற்று ஒவ்வோர் இடுக்கிலும் புகுந்து வரும். ஊதுபத்தியைக் கதவடியில், சன்னல் சட்டத்தைச் சுற்றி, பாத்திரத் தொட்டிக்குக் கீழே குழாய் சுவருக்குள் போகும் இடத்தில், வாஷிங் மெஷின் குழாய்க்குப் பின்னால், ஏசி குழாய் நுழையும் துளையில் என்று ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். புகை நேராக எழுந்தால் சரி. சட்டென்று சாய்ந்தால் அங்கே சுண்ணக்கட்டியால் ஒரு குறி போடுங்கள். திரைச்சீலை பக்கம் மட்டும் கவனமாகப் போங்கள். விறகடுப்போ எரிவாயு ஹீட்டரோ எரிந்துகொண்டிருக்கும்போது இதைச் செய்யவே கூடாது, அதன் புகை வீட்டுக்குள் திரும்பிவிடும்.

அப்புறம் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு வெளிப்பக்கமாக ஒரு சுற்று வாருங்கள். பென்சில் நுழையும் ஓட்டை, அதாவது 6, 7 மில்லிமீட்டர் இருந்தாலே சுண்டெலிக்குப் போதும். தலை நுழைந்தால் உடம்பை நசுக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடும். பெரிய எலிக்கு ஏறத்தாழ ஒரு கட்டைவிரல் அகலம் வேண்டும். இரண்டுமே ஏறும், தாண்டும். அதனால் தரையோடு நிறுத்திக்கொள்ளாமல் கூரையோரத்தையும் பாருங்கள். சுவரில் உரசும் மரக்கிளையை வெட்டிவிடுங்கள்.

அடைக்கும்போது எதை வைத்து அடைக்கிறோம் என்பதுதான் முக்கியம். எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், கொறிப்பதை அது நிறுத்தாது. ஸ்ப்ரே ஃபோம் மட்டும் அடித்துவிட்டுப் போன ஓட்டைகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன், நடுவில் வட்டமாகக் கொறித்துப் பாதை போட்டிருக்கும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை இறுக்கித் திணித்து, அதன்மேல் சிமெண்டோ சிலிக்கோன் பசையோ பூசுங்கள். ஈரம் படும் இடத்தில் சாதாரண இரும்பு நார் துருப்பிடித்து உதிர்ந்துவிடும், அங்கே துருப்பிடிக்காத எஃகு நாரோ செம்புக் கம்பி வலையோ வேண்டும். பெரிய ஓட்டைக்கும் தரையோரக் காற்றுத் துவாரங்களுக்கும் 6 மில்லிமீட்டருக்குக் குறைவான கண்ணுள்ள தடித்த கம்பி வலை அடியுங்கள். காற்றுத் துவாரத்தைச் சிமெண்ட் பூசி மூடிவிடாதீர்கள், உள்ளே ஈரம் தேங்கி வேறு தொல்லை வரும். எரிவாயு ஹீட்டரின் புகைபோக்கியைத் தொடவே கூடாது. கதவடிக்கு ரப்பர் பட்டையோ பிரஷ் பட்டையோ போடலாம், ஆனால் இரண்டு மூலைகளிலும் அது நிலையைத் தொடுகிறதா என்று குனிந்து பாருங்கள். உள்ளே விளக்கைப் போட்டுவிட்டு இரவில் வெளியே நின்று பார்த்தால், வெளிச்சம் கசியும் இடம் தானாகத் தெரியும்.

ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டால்

முதலில் யார் வந்திருப்பது என்று தெரிந்துகொள்ள வேண்டும். சுண்டெலியின் புழுக்கை அரிசியளவில், இரண்டு முனையும் கூராக இருக்கும். பெரிய எலியுடையது ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் வரும். கரப்பானுடையது மிளகுத்தூள் கொட்டியதுபோல் கிடக்கும். ஒரே ஒரு சுண்டெலி ஒரு நாளில் 50க்கும் மேற்பட்ட புழுக்கைகளைப் போடும், அதனால் நிறையக் கிடக்கிறதே என்று உடனே பயந்துவிட வேண்டாம். அதற்காகத் தள்ளிப்போடவும் கூடாது. சினை 3 வாரம்தான். ஓர் ஈற்றில் 5, 6 குட்டிகள். அந்தக் குட்டிகள் ஒன்றரை, இரண்டு மாதத்தில் தாங்களே குட்டி போடத் தயாராகிவிடும்.

எலி எந்த வழியாகப் போகிறது என்று தெரியவில்லையா? இரவு படுக்குமுன் சந்தேகப்படும் சுவரோரம் கொஞ்சம் மாவை மெல்லியதாகத் தூவி வையுங்கள். காலையில் கால்தடம் இருக்கும். சுண்டெலி கூட்டிலிருந்து வெகுதூரம் போகாது, பெரும்பாலும் 10 மீட்டருக்குள்தான் சுற்றும். அதனால் தடம் தெரிந்த இடத்தைச் சுற்றியே பொறிகளை நெருக்கமாக வைக்க வேண்டும். வீடு முழுக்க இரண்டே இரண்டு பொறி வைத்துவிட்டுக் காத்திருப்பதில் பலனில்லை. அடிக்கும் பொறியென்றால் சுவருக்குச் செங்குத்தாக, இரை இருக்கும் முனை சுவரைத் தொடும்படி வையுங்கள். இரையாக அரைத்த வேர்க்கடலை விழுது பட்டாணியளவு போதும். நிறைய வைத்தால் ஓரத்தில் நக்கிவிட்டுப் போய்விடும். கூடு கட்டப் பஞ்சும் நூலும் தேடும் காலம் என்பதால், பொறியின் நாக்கில் கொஞ்சம் பஞ்சைக் கட்டினாலும் இழுத்துப் பார்க்கும். சுண்டெலி எதையும் கிட்டப் போய்ப் பார்க்கும் குணமுள்ளது, முதல் இரவிலேயே சிக்கலாம். பெரிய எலி புதுப் பொருளைக் கண்டாலே ஒதுங்கும். அதற்கு மட்டும் சில நாள் பொறியை ஏற்றாமல் இரையோடு வைத்துப் பழக்கிவிட்டு, பிறகு ஏற்றுங்கள்.

பசை அட்டை வைக்காதீர்கள். சாகும்வரை அந்தப் பிராணி மணிக்கணக்கில் ஒட்டிக்கொண்டு துடிக்கும். தொல்லையை நிறுத்த வேண்டும், வதைக்க வேண்டியதில்லை.

விஷத்தையும் வீட்டுக்குள் வேண்டாம் என்றே சொல்வேன். எலி பாஷாணங்களில் பல, இரத்தத்தை உறையவிடாமல் செய்பவை. தின்ற எலி உடனே சாகாது. சில நாள் நடமாடி, சுவருக்குள்ளோ மேல்தளப் பலகைக்கு அடியிலோ போய்ச் செத்துவிடும், அந்த நாற்றம் வாரக்கணக்கில் போகாது. தள்ளாடும் அந்த எலியைத் தின்னும் ஆந்தைக்கும் பூனைக்கும் விஷம் ஏறும். தவழும் குழந்தையும் நாயும் உள்ள வீட்டில் பாஷாணக் கட்டியை மூலையில் போட்டுவைப்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. வளர்ப்புப் பிராணி தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால், அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல் மருந்தின் உறையோடு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். எலியை விரட்ட மின்செருகியில் மாட்டும் ஒலிக் கருவியை நம்பிப் பணம் போட வேண்டாம். அந்த ஒலி சுவரையோ அலமாரியையோ தாண்டாது, எலிகளும் சீக்கிரமே பழகிவிடும்.

வெளிச்சுவர் ஓட்டைகளை முதலிலேயே அடைத்துவிடுங்கள், உள்ளே பொறி வேலை செய்யட்டும். ஓரிரு வாரம் ஒரு பொறியும் விழாமல், புதுப் புழுக்கையும் காணாமல் இருந்தால் உட்சுவர் ஓட்டைகளையும் பூசி முடிக்கலாம்.

சுத்தம் செய்வதில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், வேக்குவமும் போடாதீர்கள். உலர்ந்த தூசியோடு கிருமி மூக்கில் ஏறும். எலிகளிடமிருந்து தொற்றும் ஹன்டா வைரஸ் இப்படித்தான் பரவுகிறது. எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீரால் வருவது. அரை மணி நேரம் சன்னலைத் திறந்துவைத்து வெளியே இருங்கள். கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, புழுக்கையும் கூடும் நன்றாக நனையும்படி தெளித்து 5 நிமிடம் விடுங்கள். பிறகு காகிதத்தால் அள்ளிப் பையில் கட்டிப் போடுங்கள். பிளீச்சோடு அமிலமோ அம்மோனியாவோ கலந்த வேறு திரவத்தைச் சேர்க்கக் கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

எலி நடமாடிய இடத்தில் மின்கம்பிகளையும் பாருங்கள். மேலுறை கொறிபட்டிருந்தாலோ கருகிய வாடை வந்தாலோ அந்த இணைப்பை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கரப்பான்

கரப்பானுக்கு வேண்டியது சூடும் தண்ணீரும். குளிர்காலத்தில் இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் ஃபிரிட்ஜின் பின்பக்கம்தான். மோட்டாரின் சூடு ஒரு பக்கம், தண்ணீர் சொட்டும் தட்டு மறுபக்கம். சமையலறையில் திரியும் சின்னப் பழுப்புக் கரப்பான் சாப்பாடில்லாமல் வாரக்கணக்கில் தாங்கும், தண்ணீர் இல்லாமல் அவ்வளவு நாள் தாங்காது. அதனால் சொட்டும் குழாயைச் சரிசெய்வது மருந்துக்குச் சமமான வேலை. இரவில் தொட்டியைத் துடைத்து உலரவிடுங்கள்.

ஸ்ப்ரேயைவிட, கரப்பான் தின்பதற்கென்று வைக்கும் ஜெல் மருந்து நல்லது. கீல், இடுக்கு, மோட்டார் பக்கம் என்று மிளகளவு பொட்டுகளாகப் பல இடங்களில் வையுங்கள். தின்றது கூட்டத்துக்குத் திரும்பிப் போகும், அதன் கழிவையும் செத்த உடலையும் மற்றவை தின்று அவையும் சாகும். ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடித்தால் அந்தப் பக்கமே வராமல் போய்விடும், ஜெல் வீண். பெண் கரப்பான் முட்டைப் பையை வயிற்றோடு சுமந்து திரியும், ஒரு பையில் 30, 40 குஞ்சுகள். அவை பொரித்து வரும்போது தின்ன ஜெல் இருக்க வேண்டும், அதனால் சில வாரம் கழித்துப் புதிதாக வையுங்கள். அடுக்குமாடியில் குழாய்ப் பாதை வழியாகவே பக்கத்து வீட்டுக்குப் போய்வரும். ஒரு வீடு மட்டும் மருந்து வைத்தால் போதாது, பக்கத்து வீட்டாரிடமும் பேசிவிடுங்கள்.

தூங்க வருபவை

பொறிவண்டு, நாற்றப் பூச்சி, மண்புழுவின் உடலில் புழுப்பருவத்தைக் கழிக்கும் ஒருவகை ஈ, இவையெல்லாம் வேறு ரகம். பகல் குறையக் குறைய அடங்கிப்போய், குளிர் முடியும்வரை கிடக்க ஓர் இடுக்கு தேடுகின்றன. வீட்டுக்குள் பெருகாது, மரத்தை அரிக்காது. வெயிலடிக்கும் நாளில் விழித்துச் சன்னலில் மொய்க்கும்போதுதான் நமக்குத் தெரியும். நசுக்காதீர்கள். பொறிவண்டின் மஞ்சள் நீர் சுவரில் கறையாகும், நாற்றப் பூச்சியின் பெயரே சொல்கிறது. வேக்குவம் குழாய்க்குள் பழைய காலுறையைச் செருகி, அதன் வாயை வெளிப்பக்கம் மடித்து ரப்பர் பேண்டு போட்டு உறிஞ்சினால் எல்லாம் காலுறைக்குள் சேரும், வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிடலாம். சுவருக்குள் மருந்தடிப்பது வீண் வேலை. உள்ளேயே குவியும் செத்த பூச்சிகளைத் தின்னக் கம்பள வண்டு வரும், அது உங்கள் கம்பளிக்கும் வந்து சேரும். இவற்றுக்கான அடைப்பு வேலை குளிருக்கு முன்பே, கோடையின் கடைசியிலேயே முடிந்திருக்க வேண்டும்.

சிலந்தியை விட்டுவிடுங்கள். பெரும்பாலும் அது வருடம் முழுக்க வீட்டில் இருந்ததுதான், இணை தேடி ஆண் சிலந்தி அலையும் பருவத்தில் நம் கண்ணில் படுகிறது. புத்தக அலமாரியில் இராமபாணப் பூச்சி தென்பட்டால் அங்கே ஈரம் இருக்கிறது என்று பொருள், அலமாரியைச் சுவரிலிருந்து கொஞ்சம் நகர்த்திக் காற்றோட விடுங்கள். கம்பளியில் அந்துப்பூச்சி விழுந்திருந்தால் துணியை பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில், மைனஸ் 18 டிகிரியில் வையுங்கள். அந்துருண்டை வேண்டாம், பச்சைக் குழந்தை உள்ள வீட்டில் நிச்சயமாக வேண்டாம்.

நாமே தூக்கிக்கொண்டு வருபவையும் உண்டு. விறகு எரிப்பவர்கள் அடுக்கை வீட்டுச் சுவரோடு சேர்த்து வைக்காமல், சில மீட்டர் தள்ளி, தரையில் படாமல் கட்டைமேல் அடுக்குங்கள். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் தட்டிவிட்டு உள்ளே எடுங்கள். குளிருக்குப் பயந்து உள்ளே கொண்டுவரும் தொட்டிச் செடிகளில் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, தொட்டியின் அடித் துளையையும் ஒருமுறை பார்த்துவிட்டு எடுத்து வாருங்கள்.