மகளின் முதல் டர்ட் பைக் பாடம்: வண்டி பாய்ந்ததை நிறுத்திய விதம்

மகளுக்கு 7 வயது. வண்டி மண் பாதையில் ஓட்டும் 50 சிசி டர்ட் பைக், கியரும் கிளட்ச் லீவரும் கிடையாது. எளிதுதான் என்று நினைத்தேன். வேகம் கூட்டும் கைப்பிடியான திராட்டிலை முதல் முறை முறுக்கியதுமே வண்டி பாய்ந்தது. உடல் பின்னால் சாய, கை திராட்டிலை இன்னும் முறுக்கிவிட்டது. விழுந்தாள். ஹெல்மெட்டும் முட்டிக் காப்பும் இருந்ததால் காயமில்லை, ஆனால் மிரண்டுவிட்டாள். எனக்கும் நெஞ்சு பதறியது.

திராட்டில் பிடியருகே இருக்கும் வேகத்தை மட்டுப்படுத்தும் சின்ன ஸ்க்ரூவை உள்ளே திருகி, அது நகராதபடி லாக் நட்டை இறுக்கினேன். இப்போது முழுக்க முறுக்கினாலும் நான் கூடவே ஓடும் வேகம்தான். பிரேக் லீவர் அவள் விரலுக்கு எட்டவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். லீவரைக் கைப்பிடிக்கு நெருக்கினேன்.

மறுநாள் இன்ஜினை ஆன் செய்யவே இல்லை. நான் தள்ள, "நில்" என்றதும் அவள் பிரேக் பிடிப்பாள். கை தானாகப் பிடிக்கும்வரை செய்தோம். அப்புறம் ஸ்டார்ட் செய்து, சீட்டில் முன்னால் தள்ளி உட்காரச் சொன்னேன். மெதுவாக ஒரு வட்டம் போய், தானே நிறுத்தினாள்.